கூவிய பெட்டை

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தறி, கொல்லையில் கோழிக்கூண்டு. ஆயா பகலெல்லாம் தார் சுற்றுவார். நெசவுக் கூலி தாத்தாவின் கைக்குப் போகும். முட்டை விற்ற காசு மட்டும் ஆயாவின் சுருக்குப்பையில் விழும். நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, பலமுறை அடைகாத்துக் குஞ்சு பொரித்த செவலைக் கோழி ஒன்று முட்டையிடுவதை நிறுத்தியது. சில மாதங்களில் அதன் கொண்டை பெருத்துச் சிவந்தது. ஒருநாள் விடியற்காலையில் அது கூவியது. பெட்டை கூவினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். மாலைக்குள் அது குழம்பாகிவிட்டது. ஆயா அன்று சாப்பிடவில்லை. "அது யாரை என்னா பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

'பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியப்போகிறது?' இந்தப் பழமொழியைப் பிறகு பல இடங்களில் கேட்டிருக்கிறேன். கடைசியாகக் கேட்டது ஒரு துறைக் கூட்டத்தில், நான் கருத்துச் சொல்ல எழுந்தபோது. ஆயாவின் கேள்விக்கு விடை தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கூவும் பெட்டைக்கு நீண்ட வரலாறு உண்டு. சேவலைச் சண்டையில் வென்ற பெட்டை கூவும், அதன் கொண்டையும் வாலும் நிமிரும், சிலவற்றுக்குக் காலில் முள்ளும் முளைக்கும் என்று சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் எழுதினார். செயல் மாறினால் குணமும் உடலும் மாறும் என்பதற்கு அவர் காட்டிய சான்று அது. 1474இல், இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகரில், முட்டையிட்ட 'சேவல்' ஒன்றை விசாரித்துத் தண்டனை விதித்து, முட்டையோடு எரித்தார்கள். அந்த முட்டையிலிருந்து பார்வையாலேயே கொல்லும் பாம்பு பிறக்கும் என்ற பயம். எரிந்தது உருமாறிக்கொண்டிருந்த ஒரு பெட்டையாகவே இருந்திருக்கலாம்.

முட்டைக்கோழியை அறுத்துச் சுத்தம் செய்திருக்கும் பெண்களுக்கு, சிறிதும் பெரிதுமாகத் திராட்சைக் குலைபோலத் தொங்கும் மஞ்சள் கருக்களைத் தெரியும். அந்தச் சினைப்பை இடப்பக்கம் மட்டுமே வளர்ந்திருக்கும். கருவில் இரண்டு பக்கமும் பாலுறுப்பு தோன்றினாலும், பெண் குஞ்சில் வலப்பக்கத்தது வளராமல் சிறு எச்சமாக நின்றுவிடுகிறது. நோயோ கட்டியோ இடது சினைப்பையை அழித்தால் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அப்போது அந்த எச்சம் விரையாகவோ, இரண்டும் கலந்த உறுப்பாகவோ வளரக்கூடும். கொண்டை பெருக்கும், குரல் மாறும், இறகு உதிர்ந்து முளைக்கும்போது சேவலின் இறகு வரும். குரோமோசோம்கள் மட்டும் பெண்ணுக்குரியவையாகவே இருக்கும். 1923இல் எடின்பரோவில் எஃப்.ஏ.இ. க்ரூ என்ற ஆய்வாளர், முட்டையிட்டுவந்த ஒரு கோழி பின்னர் இரண்டு குஞ்சுகளுக்குத் தகப்பனானதாக அறிவித்தார். அதன் சினைப்பை கட்டியால் சிதைந்திருந்தது. ஆனால் அப்படி நடப்பது மிக மிக அரிது; உருமாறும் கோழிகள் பெரும்பாலும் மலடாகவே இருக்கும்.

என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது இறகுதான். விரையை நீக்கிய சேவலின் கொண்டை சுருங்கும். ஆனால் அதன் பகட்டான இறகு போகாது. சினைப்பையை நீக்கிய பெட்டைக்கோ சேவலின் இறகு முளைக்கும். அப்படியென்றால் அந்தப் பகட்டு ஆண்சுரப்பு தந்த பரிசல்ல. பெண்சுரப்பு இல்லாத இடத்தில் தானாக வருவது. பெட்டையின் அடக்கமான இறகைத்தான் உடல் முயன்று உருவாக்குகிறது. மயிலிலும் இப்படித்தான். பலமுறை குஞ்சு பொரித்த பெண்மயில் ஒன்றுக்கு வயதானபின் ஆண்மயிலின் இறகுகள் முளைத்ததை 1780இல் லண்டனில் ஜான் ஹன்டர் பதிவுசெய்தார்.

மயில்கழுத்து நிறத்தில் புடவை நெய்து, முந்தானையில் மயில் போடும் ஊர் எங்களுடையது. அந்த மயிலைப் பற்றித் தொல்காப்பிய மரபியல் விந்தையான ஒரு விதி சொல்கிறது: சிறகுள்ளவற்றின் ஆணுக்குச் சேவல் என்ற பெயர் பொருந்தும், மயிலுக்கு மட்டும் பொருந்தாது. தோகையால் அது பெண்போன்ற சாயல் உடையது என்று உரையாசிரியர் பேராசிரியர் காரணம் கூறுகிறார். இன்று நாம் ஆணின் மிடுக்காகப் பார்க்கும் தோகை அவருக்குப் பெண்சாயல்! 'பேடு' என்ற சொல்லையும் பாருங்கள். பெண்பறவைக்கும், ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காத மனிதருக்கும் அது ஒரே சொல். நன்னூல் பேட்டுக்குப் பால் வகுக்கும்போது, எதை விட்டு எதை விரும்புகிறது என்பதைக் கணக்கில் எடுக்கிறது. அதே சொல்லின் உறவான 'பேடி'யைக் கோழைக்கு வசையாக்கியதும் நம் மொழிதான்.

கோழியை வைத்து மனிதருக்கு நியாயம் பேசலாமா என்று மாணவியர் கேட்பார்கள். பேசக்கூடாதுதான். மனித உடல் இப்படி மாறுவதுமில்லை. ஆனால் கோழியை முதலில் சாட்சிக்கு அழைத்தது பழமொழி. குறுக்கு விசாரணை செய்யும் உரிமை நமக்கு உண்டு.

ஆயாவுக்கு இப்போது பதில் சொல்வேன்: அது யாரையும் எதுவும் செய்யவில்லை. பெரும்பாலும் அது நோயுற்றிருந்தது. முட்டை நின்ற அன்றே அந்த வீட்டில் அதன் மதிப்பும் நின்றுவிட்டது. கூவியது ஒரு சாக்கு. ஆயாவுக்கு இது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பிள்ளை பெற்று முடித்த பெண் குரலை உயர்த்தினால் அது வீட்டில் எப்படிக் கேட்கும் என்பதை அறிந்தவர் அவர்.