பாரம் தாங்காத சுவர்

திண்டுக்கல் கடைவீதியில் மாமா ஒருவருக்குப் பழைய மாடிக் கட்டடம் இருக்கிறது. இரும்புத் தூண், இரும்பு உத்தரம், இடையில் செங்கல் சுவர். கீழ்க்கடையை அகலமாக்க நடுச்சுவரை எடுக்கப் போகிறார். "வெயிட்டெல்லாம் கர்டர்லதான் மாப்ள நிக்குது. இது சும்மா தடுப்புச் சுவர்" என்றார். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் குறிப்பு.

காலித் தீப்பெட்டியின் வெளிக்கூட்டை மட்டும் எடுத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். உள்பெட்டியைச் செருகிவிட்டுத் தள்ளினால் அசையாது. தூண்களுக்கு நடுவே இறுக்கமாகக் கட்டிய சுவரும் அப்படித்தான். காற்றோ நில அதிர்வோ தள்ளும்போது, மூலைக்கு மூலை முட்டுக் கொடுக்கிறது.

இரும்புச் சட்டகம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1860களின் கடைசியில் பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கு இங்கிலாந்திலிருந்து வார்ப்பிரும்புச் சட்டகம் கப்பலில் வந்தது. இடைவெளிகளைச் செங்கல்லால் நிரப்பினார்கள். 1880களில் சிகாகோவில் உயரக் கட்டடங்கள் இரும்பில் எழுந்தன. பாரம் சட்டகத்துக்குப் போயிற்று. சாயாமல் பிடிக்கும் வேலையில் பெரும்பங்கு, பல கட்டடங்களில் யாரும் கணக்குப் போடாமலே, சுவரிடம் தங்கிவிட்டது.

எவ்வளவு பங்கு? 1931ல் திறந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அசைவைப் பிற்பாடு அளந்தார்கள். வெறும் எஃகுச் சட்டகத்தைவிட முழுக் கட்டடம் நாலு மடங்குக்கு மேல் விறைப்பாக இருந்தது.

சுவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2001 ஜனவரி 26 காட்டியது. பூகம்ப மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில், கார் நிறுத்தக் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்ட அடுக்குமாடிகள் பல விழுந்தன. அவை கான்கிரீட் கட்டடங்கள். ஆனால் விதி ஒன்றுதான். மறுவருடமே ஐஎஸ் 1893 இப்படிப்பட்ட தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் 2.5 மடங்கு பக்கவிசைக்கு வடிவமைக்கச் சொன்னது.

ஆகவே, சுவரை இடிக்கும் முன் பூச்சை உரித்து மூட்டுகளைப் பார்க்க வேண்டும். தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் வலுவான தகடும் ரிவெட்டும் உண்டா, உத்தரம் சும்மா உட்கார்ந்திருக்கிறதா? குறுக்குக் கம்பி எங்காவது உண்டா? அதே திசையில் வேறு சுவர் மிஞ்சுமா? ஒரு பக்கம் மட்டும் திறந்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளுமா? மேலே புது கர்டர் கொடுப்பது பாரத்துக்கு மட்டும் பதில். சாய்வுக்குத் தனியாகக் குறுக்குத் தாங்கியோ விறைப்பான மூட்டுள்ள சட்டமோ, இடிப்பதற்கு முன்பே வேண்டும்.

இதைச் சொன்னதும் மாமா முகம் சுருங்கியது. ஆனாலும் கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்கிற வரைக்கும் கடப்பாரையை ஓரமாக வைத்திருக்கிறார்.