நறுமண மரங்களின் ஆல்கலாய்டுகள்

செண்பகம், கருவா, மனோரஞ்சிதம், மிளகு முதலிய பரிமளத் தாவரங்களின் பட்டை, வேர், இலை, கனி ஆகியவற்றில் உண்டாகி, நைட்ரஜன் அணுவைப் பெரும்பாலும் வளையத்துள் கொண்டு, காரத்தன்மையும் மிகுந்த கைப்பும் உடையனவாய், சிற்றளவிலேயே பிராணிகளின் உடலில் வினை புரியவல்ல கரிமச் சேர்மங்கள் இத்தலைப்பில் அடங்கும். தாவரத்தின் மணத்திற்கு இவை காரணமல்ல. மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களின் குணம். ஆல்கலாய்டோ பொதுவாக அமிலங்களோடு கூடி உப்பாகித் திசுக்களிலேயே தங்கிவிடுவது. ஆகவே, ஒரு மரம் மணக்கிறது என்பதைக் கொண்டு அதில் ஆல்கலாய்டு உண்டென்றோ இல்லையென்றோ தீர்மானிக்க இயலாது.

மணமும் ஆல்கலாய்டும்: பெங்களூரின் பெயரோடு நெடுங்காலமாக இணைந்துள்ள சந்தனம் இதற்கு ஒரு சான்று. முதல் உலகப் போரினால் சந்தனக் கட்டையின் ஐரோப்பிய வியாபாரம் தடைப்பட்டபோது, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ரசாயன அறிஞர்களின் துணைகொண்டு, மைசூர் சமஸ்தானம் 1916-இல் எண்ணெய் வடிக்கும் தொழிலைத் தானே மேற்கொண்டது. அவ்வெண்ணெயின் பெரும்பகுதியான சாண்டலால்கள் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் மூன்று தனிமங்களால் ஆனவை. நைட்ரஜன் அவற்றில் அறவே இல்லை. மிளகில் மணமும் ஆல்கலாய்டும் ஒருங்கே இருப்பினும் அவற்றை எளிதாகப் பிரித்துணரலாம். நீராவியில் வடித்த மிளகு எண்ணெய் மூக்குக்கு மிளகாகவே இருக்கும், நாவில் வைத்தால் மிளகின் காரம் இராது. காரத்திற்குரிய பிப்பெரின் ஆவியாகாமல் சக்கையிலேயே நின்றுவிடுவதே காரணம். பிப்பெரினை டென்மார்க்கு விஞ்ஞானி ஓர்ஸ்டெட் 1819-இல் பிரித்தெடுத்தார்.

செண்பகம்: பெங்களூர் மல்லேசுவரத்துச் சம்பிகே வீதிக்குப் பெயர் தந்த செண்பகம் மக்னோலியாக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பொன்னிறப் பூவின் வாசனையில் இண்டோல் என்னும் நைட்ரஜன் சேர்மமும் கலந்துள்ளது. எனினும் காரத்தன்மை அற்று ஆவியாகும் இதனை ஆல்கலாய்டு வகையில் சேர்ப்பதில்லை. இம்மரத்தின் ஆல்கலாய்டுகள் வேறு: லிரியோடெனின், உஷின்சுனின், மாக்னோஃப்ளோரின் என்பன. 17 கார்பன், 9 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 3 ஆக்ஸிஜன் அணுக்களாலான லிரியோடெனின் மஞ்சள் நிறப் படிகமாகக் கிடைப்பது. வட அமெரிக்கக் காடுகளில் வளரும் டூலிப் மரமாகிய லிரியோடெண்ட்ரானின் பெயரால் வழங்குவது. கடல் கடந்து பிரிந்து வாழும் இவ்விரு மரங்களும் ஒரே குடும்பத்தவை என்பதைப் பூவின் அமைப்பு உறுதிப்படுத்துகிறது; இச்சேர்மமும் அதற்கு இசைகிறது.

குல உறவு: டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து தோன்றும் இரு சிறு மூலக்கூறுகள் ஒன்றுகூடி நார்கோக்ளாரினாகி, அது படிப்படியாக மாறி ரெட்டிகுலினாகி, அங்கிருந்து பல கிளைகளாகப் பிரிவதே இவ்வின ஆல்கலாய்டுகளின் பிறப்பு வரலாறு. ஒரு கிளை செண்பகத்தின் அப்போர்ஃபின் வகைகளுக்கும், மற்றொன்று பெர்பெரினுக்கும், வேறொன்று அபினியின் மார்ஃபினுக்கும் செல்கிறது. சீதாப்பழ மரத்தின் அனோனைன் அப்போர்ஃபின் வகையினது. பெங்களூர் மதிலோரங்களில் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கத்தின் பட்டையிலோ செண்பகத்தில் கண்ட லிரியோடெனினே உண்டு. இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் படரும் மரமஞ்சளின் கட்டைக்கு மஞ்சள் நிறம் தருவது பெர்பெரின். மணமற்ற அக்கொடி, மணமிக்க செண்பகத்திற்கு ரசாயன முறையில் உறவாகிறது.

கருவாக் குடும்பம்: இலவங்கப் பட்டை, கற்பூர மரம் ஆகியவற்றோடு மைதாலகடி மரமும் இக்குடும்பத்தில் அடங்கும். இதன் பட்டைத் தூளே பெங்களூர், மைசூர் ஊதுவத்தித் தொழிலாளர் கையாளும் ஜிகட். கரித்தூளோடும் நீரோடும் பிசைந்தால், பட்டையிலுள்ள கோந்து மாவை மூங்கிற் குச்சியோடு இறுகப் பற்றுவிக்கிறது; உலர்ந்த பிறகு வாசனைத் தைலத்தில் தோய்க்கின்றனர். போல்டின், லாரோடெட்டானின், ஆக்டினோடாஃப்னின் என்னும் ஆல்கலாய்டுகள் அதே பட்டையில் இருப்பினும், பற்றும் தன்மைக்கோ வாசனைக்கோ அவை பொறுப்பல்ல.

வேறு வழியில் தோன்றுவன: எலுமிச்சைக் குடும்பத்துக் கறிவேப்பிலையில் டைரோசின் வழியில் பிறவாத கார்பசோல் ஆல்கலாய்டுகள் விசேஷமாக உள்ளன. கல்கத்தாவில் சக்ரவர்த்தி முதலியோர் 1965-இல் முர்ரயானினின் அமைப்பை வெளியிட்டனர்; மகாநிம்பின், கிரினிம்பின் முதலியனவும் இவ்வகையினவே. மிளகின் பிப்பெரினுக்குரிய நைட்ரஜன் வளையமோ லைசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து வருவது.

பிரித்தறியும் முறை: பட்டைத் தூளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து வடித்து, அவ்வடிநீரில் பிஸ்மத் உப்பும் பொட்டாசியம் அயோடைடும் கலந்த டிராகண்டார்ஃப் கரைசலைச் சொட்டினால், ஆல்கலாய்டு இருக்குமாயின் செம்மஞ்சள் வீழ்படிவு தோன்றும். பொருளைத் தனியே எடுக்க, அமில வடிநீரை அம்மோனியாவால் காரமாக்கிக் குளோரோஃபார்முடன் குலுக்குவர். உப்பு நிலை நீங்கிய ஆல்கலாய்டு நீரைவிட்டுக் குளோரோஃபார்மில் கரையும். மாக்னோஃப்ளோரின் போன்ற சில மட்டும் நீரிலேயே தங்கும்.

மருந்தும் மரத்தின் காப்பும்: புற்றுநோய் மருந்துகளுக்கு மூலமான காம்ப்டோதெசின் என்னும் ஆல்கலாய்டை மன்ரோ வால், மன்சுக் வானி ஆகியோர் 1966-இல் சீன நாட்டு மரமொன்றிலிருந்து கண்டறிந்தனர். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிப் பெயர்பெற்ற டி. ஆர். கோவிந்தாச்சாரி, விஸ்வநாதனுடன் சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டிஸ் மரத்திலும் அது உண்டென்பதை 1972-இல் வெளியிட்டார். இம்மரம் பரிமளத்திற்கு நேர்மாறாகத் துர்நாற்றம் உடையது. அந்நாற்றத்திலிருந்தும் அதன் மருந்தை ஊகிக்க முடியாது. தண்டும் வேரும் ஏற்றுமதிக்கு வேண்டப்பட்டதால் மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. பெங்களூர் வேளாண் விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தார், மலைத்தொடரின் பல பகுதிகளிலுள்ள மரங்களை ஆராய்ந்து, காம்ப்டோதெசின் அளவு மரத்துக்கு மரம் வேறுபடுவதைக் காட்டினர். மிகுதியாகத் தரும் மரத்தைத் தேர்ந்து நாற்றாகப் பெருக்கினால் காட்டு மரங்களை வெட்டும் தேவை குறையும். பட்டைக்கும் வேருக்குமாக நாடப்படும் மற்ற மரங்களுக்கும் இம்முறையே பொருந்தும்.