பூட்டிய ஏடும் தொலைந்த திறவுகோலும்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வரலாறு அத்தகையதன்று. இது ஒரு பூட்டின் வரலாறு. இரும்பினாற் செய்த பூட்டு அன்று. எழுத்துகளாற் செய்த பூட்டு. கணிப்பொறியில் தொகுத்துவைத்த செய்திகளைக் காப்பதற்காக மனிதன் அதனை அமைத்தான். பின்னர், தான் பூட்டியதைத் தானே திறக்க இயலாமல் வாயிலில் நின்றான். அவ்வாறு நின்றவர்களுள் நானும் ஒருவன். ஆதலால் இதனைச் சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டு.

முதலில் பூட்டு ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961ஆம் ஆண்டில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவர்தம் தோழர்களும் ஒரு புதுமுறையைச் செயற்படுத்திக் காட்டினார்கள். அதுவரை ஒரு நேரத்தில் ஒருவருக்கே பணிசெய்து வந்த பெரிய கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்து பயன்படுத்தும் முறை அது. ஒரே வீட்டில் பலர் குடியேறினால் அவரவர் அறைக்குத் தனித்தனிக் கதவு வேண்டுமன்றோ? அவ்வாறே ஒவ்வொருவருடைய கோப்புகளுக்கும் ஒரு கடவுச்சொல் அமைந்தது.

பூட்டு வந்தவுடனே அதனைக் கடந்து செல்லும் சூழ்ச்சியும் வந்தது. ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்தில் நான்கு மணி நேரமே கணிப்பொறி ஒதுக்கப்பட்டிருந்தது. அது போதவில்லை. 1962ஆம் ஆண்டில் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தருமாறு கணிப்பொறிக்கு ஆணை எழுதிக் கொடுத்தார். அதுவும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! இத்தகைய இடர்களைக் கண்ட அறிஞர்கள் பூட்டை மேலும் மேலும் வலுப்படுத்தினார்கள். யூனிக்ஸ் என்னும் அமைப்பில், கணிப்பொறிக்கே கடவுச்சொல் தெரியாதவாறு அதனை உருமாற்றி வைக்கும் முறை வந்தது. அம்முறையின் வரலாற்றை ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள்.

இங்கே ஒன்றைக் கருதிப் பாருங்கள். இந்த அறிஞர்கள் யாவரும் கள்வனுக்கு அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், கள்வன் நுழைய முடியாதவாறு கதவை வலுப்படுத்தும்போதெல்லாம், திறவுகோலை இழந்த உரியவனும் நுழைய முடியாதவனாகிறான். கதவுக்குக் கள்வன் யார், வீட்டுக்காரன் யார் என்று தெரியாது. திறவுகோல் ஒன்றே தெரியும்.

பெரிய கழகங்களில் மட்டும் இருந்த கணிப்பொறி பின்னர் மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறிதாயிற்று. 1980களில் டிபேஸ் போன்ற மென்பொருள்கள் வந்தன. 1992ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அக்சஸ் வெளிவந்தது. பேரேடுகளில் எழுதிவந்த பெயர்களையும் எண்களையும் சிறிய அலுவலகங்களும் தரவுத்தளமாகத் தொகுக்கத் தொடங்கின. அத்துடன் பூட்டும் சிற்றூர் எழுத்தர்தம் கைக்கு வந்து சேர்ந்தது.

அக்சஸில் இருந்த பூட்டின் அமைப்பு நுட்பமானது. பேரேடு ஒரு கோப்பில் இருக்கும். அதனைத் திறக்கத்தக்கவர் யார், திருத்தத்தக்கவர் யார் என்னும் உரிமைகளும் அதனுள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்த ஆட்கள் யார் யார் என்னும் பட்டியலும் அவர்களுடைய கடவுச்சொற்களும் வேறொரு கோப்பில் இருக்கும். பணிக்குழுக் கோப்பு என்று அதனைக் கூறலாம். பேரேடு ஆட்களைப் பெயரால் அறிவதில்லை. நம் பள்ளியில் இரண்டு முருகன்கள் இருந்தால் சேர்க்கை எண்ணைக் கொண்டு வேறுபடுத்துகிறோம் அல்லவா? அதுபோலவே ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. ஒருவரைப் பட்டியலில் சேர்க்கும்போது எழுதும் பெயரிலிருந்தும், அத்துடன் கொடுக்கும் ஒரு தனிக்குறிச் சொல்லிலிருந்தும் அந்த அடையாளம் பிறக்கும். கடவுச்சொல்லுக்கு அதன் பிறப்பில் பங்கில்லை. இதனை மனத்திற் கொள்ளுங்கள். கதை இதனைச் சுற்றியே நடக்கிறது.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றில், பழைய சேர்க்கைப் பதிவேடுகள் சிலவற்றைக் கரையான் அரித்துவிட்டது. நல்லவேளையாக, எங்கள் எழுத்தர் அதற்கு முன்னரே அவற்றைப் பார்த்துக் கணிப்பொறியில் ஏற்றி, முறையாகப் பூட்டியும் வைத்திருந்தார். அவர் ஓய்வு பெற்றுச் சென்றார். பின்னர் அந்தக் கணிப்பொறி பழுதாயிற்று. 2008ஆம் ஆண்டில் புதியது வாங்கியபோது பேரேட்டுக் கோப்பைப் படியெடுத்து வைத்தோம். பணிக்குழுக் கோப்பு என்று ஒன்று இருப்பதையே நாங்கள் அறியோம். பழைய கணிப்பொறி கழிவுப் பொருளாகச் சென்றுவிட்டது.

ஒரு நாள் பழைய மாணவர் ஒருவர் வந்தார். அரசுப் பணிக்குத் தேர்வாகியிருந்தார். பிறந்த நாளுக்குச் சான்று வேண்டும். பத்து நாள்களே தவணை. அவர் படித்த ஆண்டின் ஏடு கரையானுக்கு இரையாகியிருந்தது. கணிப்பொறியைத் திறந்தோம். இதனைத் திறக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று திரையில் எழுத்துகள் தோன்றின. பள்ளி எங்களுடையது, ஏடு எங்களுடையது, உரிமை மட்டும் எங்களுடையதன்று! எழுத்தரின் பெயரிலேயே புதிதாக ஓர் ஆளைச் சேர்த்துப் பார்த்தோம். பெயர் ஒன்றாயினும் அடையாளம் வேறு, பேரேடு அசையவில்லை.

பணம் கொடுத்தால் பூட்டை உடைத்துத் தருவார் உளர் என்று சிலர் கூறினார்கள். உடைப்பதற்கு முன் பூட்டியவரைக் கேட்பதே முறை என்று எனக்குப் பட்டது. அந்த இளைஞரையே உடன் அழைத்துக்கொண்டு, வெளியூரில் மகன் வீட்டில் தங்கியிருந்த எழுத்தரைக் காணச் சென்றேன்.

“ஐயா, கடவுச்சொல் எனக்கு மறந்தே போய்விட்டது” என்றார் அவர். இளைஞரின் முகம் வாடிற்று. “ஆனால் பூட்டிய அன்று இதனை எழுதி வைத்தேன்” என்று சொல்லி, ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்துவந்து கொடுத்தார். பணிக்குழுவை அமைத்தபோது எழுதிய பெயர், நிறுவனம், குறி ஆகிய மூன்றும், அவருடைய பயனர்பெயரும் தனிக்குறியும் அதில் இருந்தன. கடவுச்சொல் இல்லை. அது தேவையும் இல்லை!

ஊர் திரும்பி, அந்தச் சொற்களைக் கொண்டு பணிக்குழுக் கோப்பைப் புதிதாக அமைத்தோம். முதல் முயற்சி பலிக்கவில்லை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு என்பதை மறந்து ஓரெழுத்தைத் தவறாக இட்டிருந்தோம். திருத்தி அமைத்தபோது அதே அடையாளம் மீண்டும் பிறந்தது. பேரேடு தன் உரியவரை அறிந்துகொண்டது. இளைஞர் சான்றினைத் தவணைக்கு முன்னரே பெற்றுச் சென்றார்.

எங்களுக்கு ஒரு குறிப்பேடு துணை நின்றது. அதுவும் இல்லாதார் என் செய்வர்? நார்வே நாட்டில் அப்படி ஒன்று நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு மக்களின் ஊர்வழக்குகளை ஆராய்ந்து, நீநோர்ஸ்க் எனப்படும் எழுத்துமொழிக்கு அடிகோலியவர் ஈவார் ஓசன். அவருடைய பெயரால் அமைந்த மொழிப் பண்பாட்டு நிலையத்திடம், ரைடார் யூபெடால் என்னும் பேராசிரியர் திரட்டிய நூல்தொகுதி இருந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களின் பட்டியல் கணிப்பொறியில் பூட்டப்பட்டிருந்தது; பூட்டியவர் திறவுகோலைக் கூறாமலே காலமாகிவிட்டார். 2002ஆம் ஆண்டில் அந்நிலையத்தார் வெட்கப்படாமல் உலகத்தாரிடம் பகிரங்கமாக உதவி கேட்டார்கள். பலரும் முயன்றார்கள். விரைவிலேயே சுவீடனைச் சேர்ந்த ஒருவர் விடை கண்டார். கடவுச்சொல் யாது? யூபெடால் என்னும் பெயரின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதல்வரை திருப்பி எழுதியதே அது!

கேட்டால் நகைப்பு வருகிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்தப் பூட்டு எளிதாக இருந்தமையாலன்றோ அந்தப் பட்டியல் பிழைத்தது? அது இக்காலப் பூட்டுகளைப் போல் வலியதாக இருந்திருப்பின், உலகத்தார் அனைவரும் கூடியும் திறந்திருக்க முடியாது. பூட்டை எளிதாக வையுங்கள் என்று நான் கூறவில்லை; எளிய பூட்டைக் கள்வனும் திறப்பான். பூட்டை வலிதாக்குங்கள், திறவுகோலின் நினைவை ஒருவர் நெஞ்சில் மட்டும் வைக்காதீர்கள் என்றே கூறுகிறேன்.

அக்சஸின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த புதிய கோப்பு வகையில், ஆளுக்கு ஆள் உரிமை வகுக்கும் அந்தப் பழைய முறை இடம்பெறவில்லை. மென்பொருள்கள் மாறும், பூட்டுகளும் மாறும். மனிதனுடைய மறதி மட்டும் மாறுவதில்லை. கள்வனைத் தடுப்பதற்கு அறிஞர்கள் பல வழிகளைக் கண்டார்கள். மறதியை வெல்வதற்கோ, எழுதிவைத்து, உறையிலிட்டு முத்திரை வைத்து, உரிய இடத்தில் பாதுகாத்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துச் செல்லும் பழைய வழியே இன்றும் உதவுகிறது.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் பலர் அலுவலகங்களில் பொறுப்பேற்பீர்கள். பிறருடைய வாழ்வு அடங்கிய ஏடுகள் உங்கள் கையில் இருக்கும். பிறர் பூட்டைத் திறக்க முயலாதீர்கள். உங்கள் பூட்டின் திறவுகோலை மறைவாகக் காத்துக்கொள்ளுங்கள். ஆனால் பணியிலிருந்து விலகும் நாளில் அதனை உடன் எடுத்துச் செல்லாதீர்கள். எங்கள் எழுத்தர் மெத்தப் படித்தவர் அல்லர். பூட்டிய அன்றே ஐந்து வரி எழுதி வைத்தார். அந்த ஐந்து வரி ஓர் இளைஞருக்கு வாழ்வளித்தது.