யுத்தகாலக் கார்ட்டூன் குறும்படங்களின் வீட்டு வீடியோப் பதிப்புகள்

பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட 1941 டிசம்பரை ஒட்டித் தொடங்கி, யுத்தம் ஓய்ந்த 1945 வரையில், அமெரிக்கக் கார்ட்டூன் நிலையங்கள் சிரிப்பையும் பிரசாரத்தையும் ஒருங்கே குழைத்து, திரையரங்குகளில் முழுநீளப் படத்துக்குத் துணையாகக் காட்டுவதற்கென்று தயாரித்த சில நிமிஷப் படங்களே யுத்தகாலக் கார்ட்டூன்கள் என வழங்கப்படுகின்றன. யுத்தப் பத்திரம் வாங்கு, பழைய இரும்பைச் சேர்த்துக் கொடு, வருமான வரியைக் காலத்தில் செலுத்து, வாயை அடக்கு என்பனவே இவற்றின் உபதேசங்கள். அந்தந்த மாதத்தின் தேவைக்காகப் பிறந்த படங்களாகையால் சமாதானம் வந்ததும் இவற்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று. தொலைக்காட்சி வந்தபோது சில வெட்டுப்பட்டன, பல பெட்டியிலேயே தங்கின. 1980களில் பரவிய வீடியோ கேசட்டும், அதன்பின் லேசர் தட்டும் டிவிடியுமே இவற்றை மறுபடி ஜனங்களின் பார்வைக்குக் கொணர்ந்தன.

இவற்றுள் முதன்மையாகச் சொல்லத்தக்கது, ஜாக் கின்னி இயக்கி, 1943 ஜனவரி முதல் தேதி வெளியாகி, கார்ட்டூன் குறும்படத்துக்கான ஆஸ்கர் பரிசைப் பெற்ற டிஸ்னியின் ‘டெர் ஃபியூரர்ஸ் ஃபேஸ்’. நாஜி ராஜ்யத்தில் வெடிகுண்டுத் தொழிற்சாலைக் கூலியாக அகப்பட்டுக்கொண்ட டொனால்ட் டக், ரம்பத்தால் அறுத்தாலொழியத் துண்டாகாத ரொட்டியையும், நூலில் கட்டி வெந்நீரில் ஒருமுறை முக்கி எடுத்துப் பத்திரமாகத் திரும்ப ஒளித்துவைக்கும் ஒற்றைக் காப்பிக்கொட்டையையும் காலை ஆகாரமாகக் கொள்கிறது. பன்றியிறைச்சியும் முட்டையும் வாசனையாக மட்டுமே கிடைக்கின்றன, அதுவும் வாயில் பீய்ச்சிக்கொள்ளும் குப்பியிலிருந்து. நகரும் பட்டையில் வரிசையாக வரும் குண்டுகளுக்கு மூடி முறுக்குவதும், இடையிடையே வரும் ஹிட்லர் படங்களுக்குக் கை உயர்த்தி வணங்குவதும் அதன் நாள்முழுவதுமான உத்தியோகம். பித்துப் பிடிக்கும் தறுவாயில் கனவு கலைந்து, அமெரிக்கக் கொடி வர்ணத்தில் தைத்த இரவு உடையோடு விழித்தெழும் வாத்து, சுவரில் உயர்ந்த கரமொன்றின் நிழலைக் கண்டு பழக்கதோஷத்தால் வணங்கப் போய், அது ஜன்னலோரத்திலுள்ள சிறிய சுதந்திர தேவி சிலையின் நிழல் என்று தெளிகிறது. மேகமும் வேலியும் தந்திக் கம்பமுங்கூட ஸ்வஸ்திக வடிவில் வரையப்பட்டிருப்பதைத் திரையரங்கில் ஒருமுறை பார்த்தவர் முழுமையாகக் கண்டிருக்க முடியாது. படத்தை வேண்டிய இடத்தில் நிறுத்திப் பார்க்கும் வசதி கைக்கு வந்த பின்னரே, அந்தச் சித்திரக்காரர்களின் குறும்பு எவ்வளவு நுணுக்கமானது என்பது புலப்பட்டது.

டிஸ்னி நிறுவனம் இப்படத்தையும், ஜெர்மன் சிறுவன் ஒருவன் படைவீரனாக வார்க்கப்படுவதைப் பெரும்பாலும் சிரிப்பின்றிச் சொல்லும் ‘எஜுகேஷன் ஃபார் டெத்’தையும், வருமான வரி கட்டும்படி டொனால்டைக் கொண்டே வற்புறுத்திய ‘தி நியூ ஸ்பிரிட்’டையும், இன்னும் பலவற்றையும் திரட்டி, 2004இல் ‘ஆன் தி ஃப்ரண்ட் லைன்ஸ்’ என்ற தகரப்பெட்டித் தொகுப்பாக வெளியிட்டது. திரைப்பட வரலாற்றறிஞர் லெனர்ட் மால்ட்டின் அதில் தோன்றி, காலச் சூழ்நிலையை விளக்கி, பார்வையாளரின் மனத்தைப் பக்குவப்படுத்துகிறார். இத்தகைய முன்னுரைகளை உபத்திரவமென்று கருதுவோர் உண்டு; ஆயினும் படத்தை வெட்டுவதைவிடப் படத்துக்கு முன் நாலு வார்த்தை பேசுவது எவ்வளவோ மேல்.

வார்னர் சகோதரர்களின் படங்கள் அடைந்த கதி இதைவிடச் சிக்கலானது. ஹிட்லர் ஏவிய ஆடு இரும்புக் குவியலைத் தின்னவர, டாஃபி வாத்து அதனோடு மல்லுக்கு நிற்கும் ஃப்ராங்க் டாஷ்லினின் ‘ஸ்க்ராப் ஹாப்பி டாஃபி’ (1943) கறுப்பு வெள்ளைப் படம். 1960களின் பிற்பகுதியில் தொலைக்காட்சிக்காக இதனையும் இதன் இனத்தவற்றையும் தென் கொரியாவில் மறுபடி கையால் வரைந்து வர்ணமேற்றினார்கள். அசைவின் நளினம் பாதி போய்விட்ட அந்தப் போலிப் பிரதியே மலிவு வீடியோ கேசட்டுகளில் நெடுங்காலம் உலவியது.

வேறொரு தொல்லையும் உண்டு. கையெறிகுண்டு பொதிந்த ஐஸ்கிரீமை ஜப்பானியச் சிப்பாய்களுக்கு பக்ஸ் பன்னி விநியோகிக்கும் 1944ஆம் ஆண்டுப் படமொன்று, 1990களின் தொடக்கத்தில் லேசர் தட்டுத் தொகுப்பில் இடம்பெற்று, ஜப்பானிய அமெரிக்கரின் ஆட்சேபத்துக்குப் பின் விலக்கப்பட்டது. ஆட்சேபம் நியாயமே. ஜெர்மனியைப் பரிகசிக்கும் படங்கள் பெரும்பாலும் ஹிட்லர் என்ற தனி மனிதனையும் அவன் சகாக்களையும் குறிவைக்க, ஜப்பானைப் பரிகசிப்பவை பல்லும் கண்ணாடியுமாக ஓர் இனத்தையே கேலிக்குள்ளாக்கின. கலைத்திறன் எவ்வளவிருந்தும் அக்குற்றம் மறைவதன்று. 2008இல் வெளியான ‘லூனி ட்யூன்ஸ் கோல்டன் கலெக்‌ஷன்’ ஆறாம் தொகுதி ஒரு தட்டு நிறைய யுத்தகாலப் படங்களைச் சேர்த்தபோது, ‘ரஷ்யன் ராப்சடி’, ‘ஹெர் மீட்ஸ் ஹேர்’ போன்ற ஹிட்லர் எதிர்ப்புப் படங்களே அதில் முன்னிலை வகித்தன.

ஃப்ளைஷர் நிலையம் 1941 செப்டம்பரில் தொடங்கி, யுத்தகாலத்திலும் தொடர்ந்து வந்த சூப்பர்மேன் வரிசையின் 17 படங்களும் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமையால் பொதுச்சொத்தாயின. ஆகவே யார் வேண்டுமானாலும் மங்கிய பிரதியொன்றைப் பிடித்து கேசட்டாக்கி விற்றார்கள். நிழலும் ஒளியும் கொண்டு சிற்பம்போல் செதுக்கப்பட்ட அந்தச் சித்திரங்கள், பல வீடுகளில் சேறு பூசினாற்போன்ற தோற்றத்திலேயே காணப்பட்டன. வார்னர் நிறுவனம் 2009இல் சீரான டிவிடியைத் தந்தது. 2023இல் வந்த ப்ளூ-ரே தட்டிலோ, படச்சுருளின் இயல்பான துகள்களை அளவுமீறித் துடைத்ததால் கோடுகளின் உயிரும் சேர்ந்து போயிற்றென்று ரசிகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அழுக்கைக் கழுவுவதற்கும் தோலை உரிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இவையெல்லாம் பொதுஜனத்துக்கு, ‘பிரைவேட் ஸ்னாஃபு’ வரிசையோ 1943 முதல் 1945 வரை படைவீரர்களுக்கு மட்டுமே காட்டப்பட்டது. ஃப்ராங்க் காப்ராவின் ராணுவப் படப்பிரிவு திட்டமிட, சக் ஜோன்ஸ் முதலானோர் வார்னரில் இயக்க, பின்னாளில் டாக்டர் சூஸ் என்று புகழ்பெற்ற தியடோர் கைசல் பல படங்களுக்குப் பாட்டாக வசனம் எழுத, மெல் பிளாங்க் குரல் கொடுத்தார். செய்யக்கூடாததையெல்லாம் செய்து கெட்டழியும் மூடச் சிப்பாயே கதாநாயகன். திரையரங்குத் தணிக்கை குறுக்கிடாத படங்களாதலால் பேச்சும் சைகையும் சற்று எல்லை மீறியே இருக்கும். அரசாங்கச் சொத்தாக உரிமையற்றுக் கிடந்த இவை முதலில் சிறு வெளியீட்டாளர்களின் கேசட்டுகளிலும், பின்னர் ‘கோல்டன் கலெக்‌ஷன்’ தட்டுகளில் உபரியாகவும் வந்தன. விடுமுறையில் ஊருக்கு வந்த ஸ்னாஃபு, ஜப்பான்மேல் பிரயோகிக்கப்பட்ட ரகசிய ஆயுதத்தைப்பற்றியும் வாய்விட்டு உளறும் ‘கோயிங் ஹோம்’ 1944இல் தயாராகியும் அப்போது சிப்பாய்களுக்குக்கூடக் காட்டப்படவில்லை. இன்று அது எவர் வீட்டிலும் ஓடுகிறது.