புறக்கோட்டை ஒல்லாந்த மனையும் அதன் பணிகளும்

மன்னர்தம் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் கூறுவதே வரலாறு என்பது பலர் கருத்து. ஆயின், ஒரு மனை காலந்தோறும் எவ்வெப் பணிக்கு உதவியது என ஆராயினும் நாட்டின் வரலாறு புலனாகும். கொழும்புப் புறக்கோட்டையிலே, பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் காலத்து மனை இதற்குத் தக்க சான்றாகும்.

தேசாதிபதி தோமஸ் வான் றீயின் ஆட்சிக் காலத்தில் (1692-1697) அவரது உறைவிடமாக அம்மனை எழுந்தது. வீதியை நோக்கிய பருத்த தூண் வரிசையும், இரு மாடிகளும், உள்முற்றத்துத் தோட்டமும் உடையது அது. ஐரோப்பியர் தம் நாட்டு வழக்கை எமது வெயிலுக்கும் மழைக்கும் இசைவித்துக் கொண்டமையை அதன் அமைப்புக் காட்டும்.

1696 முதல் ஒரு நூற்றாண்டு அம்மனை கொழும்புச் செமினாரியாக விளங்கிற்று. சுதேச இளைஞரை உபாத்தியாயராகவும் சமயப் பணியாளராகவும் பயிற்றுவதே அதன் நோக்கம். தம் சமயத்தையும் ஆட்சியையும் நிலைநிறுத்தவே ஒல்லாந்தர் அதனை நடத்தினர் என்பதை நாம் மறத்தற்கில்லை. எனினும், அச்செமினாரியிற் கற்ற பிலிப்பு தெ மெல்லோ (1723-1790) புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அது 1759 இல் அச்சேறியது. பிறர் தம் தேவைக்கு அமைத்த கூடத்திலும் தமிழ் பயன்பெற்றது என்க.

1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. மனையும் படையினரின் வைத்தியசாலையாயிற்று. பின்னர் ஆயுதசாலையாகவும், 1900 வரை பொலிசார் பயிற்சிக்கூடமாகவும் பயன்பட்டது. 1932 இல் தபாற் கந்தோராக மாற்றப்பட்டது. 1971 இல் வீதிப்புறச் சுவரொன்று இடிந்து வீழ்ந்தது. அப்பொழுது அறிஞரும் நகரமக்களும் அதனைக் காக்குமாறு அரசை வேண்டினர். நெதர்லாந்து அரசின் துணையுடன் 1977 இல் திருத்தப்பணி தொடங்கிற்று; 1982 இல் மனை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

இதனால் அறியத்தக்கது யாது? பணி உள்ளவரை மனை நின்றது. பணி தளர்ந்தபோது, அதற்காகப் பேசுவோர் இருந்தமையால் மீண்டது. 1628 இல் போர்த்துக்கேயர் எழுப்பி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய எமது புளியந்தீவுக் கோட்டையும், நெடுங்காலம் கச்சேரியாக இயங்கியமையாலன்றோ பேணப்பட்டது!

ஆனால் உன்னிச்சை முதலிய படுவான்கரை ஊர்களிலே மரக்கால் நட்டு, வரிச்சுக் கட்டி, களிமண் அப்பிய எம் முன்னோர் வீடுகளுக்காகப் பேசியவர் எவர்? கல்லும் சாந்தும் பெற்ற கவனத்தை மண்ணும் மரமும் பெறவில்லை. ஆதலின் மாணவர்காள், எஞ்சிய வீடுகளை அளந்து வரைமின். முதியோர் கூறுவனவற்றை எழுதி வைமின். அதுவும் வரலாற்றுப் பணியேயாம்.