லெபனான் மலைத் தேவதாருவனம்

புகழ் ஒரு பொருளைக் காக்கும் என்பர். அப்புகழே அதற்குக் கேடாய் முடிதலும் உண்டு. இவ்விரண்டிற்கும் ஒருங்கே சான்றாய் நிற்பது, மேற்காசியாவில் லெபனான் நாட்டுப் பிசர்ரி என்னும் ஊருக்கு மேலே, 1,900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளதொரு பழஞ்சோலையாம். இமயச்சாரலில் வளரும் தேவதாருவின் இனமே ஆண்டுள்ள மரம். தமிழ் விவிலியம் அதனைக் கேதுரு என வழங்கும். ஆண்டுள்ளார் அச்சோலையைக் 'கடவுளின் கேதுருக்கள்' என்பர்.

இம்மரம் நெடியது, நறுமணமுடையது, எளிதில் உளுத்துப் போகாதது. ஆதலின் பண்டை வேந்தர் பலரும் இதனை விழைந்தனர். எகிப்து மன்னன் கூபுவின் பிரமிடருகே 1954-இல் நிலத்தடியிற் கண்டெடுக்கப்பட்ட மரக்கலம், ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழைமையும் 43 மீட்டர் நீளமும் உடையது. அது பெரும்பாலும் கேதுருப் பலகையால் இயன்றது. எருசலேமிற் சாலொமோன் எடுப்பித்த கோயிலுக்குத் தீரு நாட்டு வேந்தன் ஈராம் இம்மரத்தையே அனுப்பினான் என விவிலியம் கூறும். இங்ஙனம் புகழ் பெருகப் பெருகக் காடு சுருங்கிற்று.

உரோமப் பேரரசன் ஏட்ரியன் (117–138) காலத்தில், நால்வகை மரங்கள் அரசற்கே உரியன என லெபனான் மலைப் பாறைகளில் எழுத்துப் பொறிக்கப்பட்டது. அத்தகைய பொறிப்புக்கள் இருநூற்றுக்கு மேற்பட்டன இன்றும் உள. ஆயினும் அவ்வாணை மரத்தின் உயிரைக் கருதியதன்று. அரசனது உடைமையைக் கருதியதேயாம். ஆதலின், எழுத்து நிலைபெற்ற மலைகள் பலவற்றில் மரம் நிலைபெறவில்லை.

உண்மையான காவல் மிகப் பிற்காலத்தே தோன்றிற்று. 1876-இல் விக்டோரியா அரசியார் அளித்த பொருளைக்கொண்டு பிசர்ரிச் சோலையைச் சூழ மதில் எழுப்பப்பட்டது. அது தடுத்த பகை யாதெனின், கோடரியினும் ஆட்டின் வாயே என்க. முதுமரங்கள் எத்துணை ஆண்டு நிற்பினும், முளைத்த கன்றுகளை ஆடு மேய்ந்துவிடின் காடு வழிவழி வளர்தல் யாங்ஙனம்? 1943-இல் விடுதலையுற்ற லெபனான் இம்மரத்தைத் தன் கொடியிற் பொறித்தது. 1998-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அவை, அருகிலுள்ள காதிசாப் பள்ளத்தாக்குடன் இச்சோலையையும் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அக்காலத்து எண்ணப்பட்ட பழமரங்கள் ஏறத்தாழ 375 மட்டுமே.

இன்று அச்சோலை காணச் செல்வார் வகுத்த வழியிலேயே நடத்தல் வேண்டும். இது வெறுங் கட்டுப்பாடு அன்று; காலடியிற் கிடக்கும் சிறு முளையே வருங்காலத்து முதுமரம் ஆகலின். பேரரசரைக் கண்ட மரத்தை அண்ணாந்து வியத்தல் எளிது. கீழ்நோக்கி ஒரு கன்றினை மிதியாது ஒதுங்கிச் செல்லுதலே அதனைக் காத்தலாம்.