பட்டம் யாருடையது?



சென்னையிலிருந்து கடற்கரை வழியே புதுவைக்குச் செல்வோர் மரக்காணத்து உப்பளங்களைக் கண்டிருப்பர். சங்க காலத்து எயிற்பட்டினம் இவ்விடமே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊர்களாக எயிற்பட்டினத்தையும் வேலூரையும் ஆமூரையும் சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பாடுகிறார்.

ஆமூர் என்றதும் புறநானூறு பயின்றோர்க்கு மற்றோர் ஆமூர் நினைவில் எழும். அது முக்காவனாட்டு ஆமூர். பெயர் ஒன்றாயினும் நாடு வேறு. அங்கே பேராற்றல் படைத்த மல்லன் ஒருவன் இருந்தான். சோழர் குடியிற் பிறந்த போர்வைக் கோப்பெருநற்கிள்ளி அவனோடு மற்போர் புரிந்தான். ஒரு காலை மல்லனின் மார்பில் மடித்து ஊன்றி, மறு காலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து வென்றதைச் சாத்தந்தையார் பாடுகிறார். மகனின் இவ்வெற்றியைத் தந்தை தித்தன் காணவேண்டுமே என்று விழைகிறார். எளியவன் ஒருவனை வீழ்த்தியிருந்தால் புலவருக்கு அவ்விழைவு தோன்றியிருக்குமா? வெற்றியின் பெருமை எதிரியின் வலிமையில் அன்றோ இருக்கிறது!

பிற்காலத்தில் மற்போரும் குத்துச்சண்டையும் பிழைப்புக்குரிய தொழில்களாயின. பணமும் பட்டமும் வந்தன. அவற்றோடு ஒரு கேள்வியும் வந்தது. தொழில்முறை வீரன் வலிய எதிரியைத் தவிர்க்கலாமா?

1910ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பயில்வான் காமா இலண்டன் சென்றார். செப்டம்பர் 10ஆம் நாள் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ அவரோடு மோதினார். ஸ்பிஸ்கோ நெடுநேரம் தரையோடு தரையாகக் கிடந்து தோல்வியைத் தவிர்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியும் முடிவு கிட்டவில்லை. ஒரு வாரம் கழித்து மீண்டும் மோத ஏற்பாடாயிற்று. அன்று ஸ்பிஸ்கோ வரவேயில்லை. வெற்றி காமாவுக்கே என்று அறிவித்தனர். ஆயினும் ஸ்பிஸ்கோவையும் குறை கூறி முடித்துவிடலாகாது. 1928இல் அவரே பாட்டியாலாவுக்கு வந்து காமாவை எதிர்த்தார். ஒரு நிமிடத்திற்குள் தோற்றார். அத்தோல்வியிலும் ஓர் ஆண்மை உண்டு.

அமெரிக்கக் குத்துச்சண்டையிலோ தவிர்ப்புக்கு நிறவெறி துணை நின்றது. வெள்ளை வீரர் ஜான் சல்லிவன் கறுப்பின வீரரோடு பட்டத்துக்காக மோத மறுத்தார். கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன், பட்டம் வைத்திருந்த டாமி பர்ன்ஸை நாடு நாடாகத் தொடர்ந்து சென்று, 1908 டிசம்பர் 26ஆம் நாள் சிட்னியில் வென்றார். வியப்பு என்னவெனில், பட்டம் பெற்ற பின் ஜான்சனும், தம் இனத்தவரும் பெருவீரருமான சாம் லாங்ஃபோர்டுக்கு வாய்ப்பளிக்கவில்லை. வாயிலுக்கு வெளியே நின்றவர் உள்ளே புகுந்ததும் தாமே கதவடைத்தார்!

வீரன் மறுப்பதற்கு உரிமையே இல்லையா? உண்டு. அடி வாங்குவது அவன் உடல். மூளையில் பட்ட காயம் முதுமையிலும் விடாது. பயிற்சி முதிராத இளைஞனைப் பெருவீரன் முன் நிறுத்துவது கொடுமை. அவன் காத்திருப்பது கோழைத்தனம் அன்று, அறிவுடைமை.

பட்டம் உடையவன் நிலை வேறு. தன்னினும் வல்லவன் இல்லை என்பதே அப்பட்டத்தின் பொருள். தகுதியுள்ள எதிரியைத் தவிர்த்துக்கொண்டே அதை வைத்திருப்பவன், ஊரார் நம்பி வைத்த பொருளைத் தனதாக்கிக் கொள்கிறான். 1978இல் முகமது அலியை வென்ற லியோன் ஸ்பிங்க்ஸ், முறைப்படி மோதவேண்டிய கென் நார்ட்டனை விடுத்து மீண்டும் அலியோடு மோத விரும்பினார். உலகக் குத்துச்சண்டைப் பேரவை அவரிடமிருந்து தன் பட்டத்தைப் பறித்தது. மோதுமாறு எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை; மோதாமல் பட்டம் இல்லை என்றே கூறினர். இதுவே நேரிய வழி. உடல் வீரனுடையது, பட்டம் அனைவருக்கும் பொதுவானது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும் என்பது நம் பழமொழி. பட்டத்தின் சுவையை நுகர்ந்தவன் அதன் தாகத்தையும் ஏற்கத்தான் வேண்டும்.